மேலிருந்து பார்த்தால்தான் தெரியும்: ரயில் பெட்டிக் கூரையின் நிறம்

இங்கிலாந்தில் கிடர்மின்ஸ்டர் முதல் பிரிட்ஜ்நார்த் வரை 16 மைல் ஓடுகிறது செவர்ன் வேலி ரயில்வே. ஆர்வலர்கள் 1965-இல் சங்கம் அமைத்து, 1970-இல் ஓட்டத் தொடங்கிய நீராவிப் பாதை. வழியில் பியூட்லி நிலையத்தில் இறங்கியதும் நடைமேம்பாலத்தில் ஏறி நின்றேன். மாடல் ரயிலை நாம் மேசைமேல் வைத்து மேலிருந்துதான் பார்க்கிறோம். அசல் ரயிலையும் அதே கோணத்தில் பார்க்க வேண்டும் என்பதே நான் வந்த நோக்கம்.

பாலத்தடியில் எஞ்சின் கடந்தபோது புகை மேலேறிச் சூழ்ந்தது. அது விலகியதும் கீழே கூரைகள் வரிசையாக நகர்ந்தன. லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வேயின் தேக்குப் பெட்டிகள் அவை. வார்னிஷ் பூசிய பக்கப் பலகைகள் தேன் நிறத்தில் மின்னின. கூரையோ அழுக்கேறிய வெளிர்சாம்பல். காற்றுப்போக்கிகளைச் சுற்றிக் கரி திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. ஒரு பெட்டியின் சாம்பல் அடுத்த பெட்டியில் இல்லை.

இந்தப் பெட்டிகளின் கூரை பணிமனையிலிருந்து வெளிவரும்போது வெள்ளை. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பயணிகள் பெட்டிகளுக்கும் அதே வழக்கம். அந்நாளில் மரக்கூரைமேல் கித்தான் விரித்து, ஈயம் கலந்த வெள்ளைப் பெயிண்ட் பூசுவார்கள். நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகச் சேர்மங்கள் அந்த ஈயத்தோடு வினைபுரிந்து அதைக் கறுப்பான ஈய சல்பைடாக மாற்றிவிடும். மேலே கரியும் படியும். எனவே அன்றைய கூரை பெயிண்டுக்குள்ளேயே கறுத்தது. கழுவினாலும் பழைய வெள்ளை திரும்பாது. இன்று ஈயப் பெயிண்ட் புழக்கத்தில் இல்லை. நான் பாலத்திலிருந்து பார்த்தது பெரும்பாலும் கரியின் வேலை. பாதுகாக்கப்பட்ட பெட்டியை அப்படியே நகலெடுத்தால் 1930-களின் நிறம் வந்துவிடாது என்பதற்கு இதுவே காரணம்.

காலமும் நிறத்தை மாற்றியது. இரண்டாம் உலகப் போரில் வானிலிருந்து பளிச்சென்று தெரியும் வெள்ளைக் கூரை ஆபத்தாயிற்று, அடர்சாம்பல் பூசினார்கள். ஆகவே 1938-இல் ஓடிய ரயிலையும் 1943-இல் ஓடிய ரயிலையும் ஒரே டப்பா பெயிண்டில் முடிக்க முடியாது.

மாடல் செய்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் வழி தெளிவானது. தூய வெள்ளையைத் தொட வேண்டுமானால், அன்றுதான் பணிமனையிலிருந்து வந்த பெட்டிக்கு மட்டும் தொடுங்கள். மற்றவற்றுக்கு வெள்ளையில் சிறிது கறுப்பும் துளி பழுப்பும் கலந்து, நீர்த்த பூச்சாகப் பல முறை கொடுங்கள். ஐந்து பெட்டிகள் இருந்தால் ஐந்துக்கும் கலவையைச் சற்றே மாற்றுங்கள். அவை ஒரே நாளில் பணிமனைக்குப் போனவை அல்லவே! காற்றுப்போக்கிகளின் ஓரத்தில் கரியைக் கூட்டுங்கள். 4 மில்லிமீட்டர் ஓர் அடியாகும் அளவில் முழுக்கறுப்பு கனமாகத் தெரியும். அதையும் ஒரு படி வெளிற விடுங்கள்.

பக்கவாட்டு எழுத்தின் உயரத்தைக்கூட அளந்து எழுதுகிறவர்கள் நாம். பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் கூரைக்கும் அந்த அக்கறை சேர வேண்டும். பெயிண்ட் வாங்கும் முன் உங்கள் ரயில் ஓடும் ஆண்டை முடிவு செய்யுங்கள். அந்த ஆண்டின் புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். அதன்பின் தூரிகையை எடுங்கள்.