ஷார்ட் பண்ணிடலாமா, மாத்தலாமா?

போன மாதம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எரிந்துகொண்டிருந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு அணைந்துபோனது. எங்கள் காலனிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாலையில் உட்கார்ந்து படிப்பது அந்த வெளிச்சத்தில்தான். "வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, இதுக்குப் பழைய குண்டு பல்பே தேவலாம்" என்று அம்மா புலம்பினார். தூக்கிப் போடப் போனேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி தடுத்தான்.

"குடுங்கண்ணா, பிரிச்சுப் பாக்கலாம்."

சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்தான். உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், அவசரப்பட்டுக் கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்றான். பிறகு வெள்ளை மூடியைச் சுற்றிலும் நெம்பி எடுத்தான். உள்ளே ஒரு வட்ட அலுமினியத் தகடு. அதில் நொய்யரிசி அளவில் ஒன்பது எல்.இ.டி.கள். எட்டு மஞ்சளாக, சுத்தமாக இருந்தன. ஒன்றில் மட்டும் ஊசிமுனை அளவு கருப்புப் புள்ளி.

"இது ஒண்ணுதாண்ணா போயிருக்கு."

"ஒண்ணு போனதுக்கா எல்லாம் அணைஞ்சது?"

"எல்லாம் சீரீஸ்ல இருக்குண்ணா. ஒண்ணு வழியாத்தான் அடுத்ததுக்குக் கரண்ட் போகும். ஷார்ட் பண்ணிடலாமா, மாத்தலாமா?"

ஷார்ட் பண்ணுவது என்றால், கருகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தின் இரு முனைகளையும் ஈயம் வைத்து இணைத்துவிடுவது. இரண்டு நிமிட வேலை. பல்பு எரியும். ஒன்று குறைந்திருப்பது வெளியே தெரியாது. ஆனால் மலிவான பல்புகளில், அந்த ஒன்று தாங்கிய வோல்டேஜை மீதமுள்ள பாகங்கள்தான் தாங்க வேண்டும். கூடுதலாகச் சூடேறும். கொஞ்ச நாளில் இன்னொன்று போகும். அதையும் ஷார்ட் பண்ணலாம். அப்புறம் இன்னொன்று.

அவன் இதைச் சொல்லும்போதே ஒரு தோழரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் எந்த வன்கொடுமை நடந்தாலும் முதலில் கிளம்புகிறவர் அவர். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு மனப்பாடம். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட வைப்பது, பிணவறை வாசலில் குடும்பத்தோடு நிற்பது, 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிறதா என்று டி.எஸ்.பி. அலுவலகத்துக்கு நடப்பது, எல்லாம் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் போனை எடுப்பதை நிறுத்தினார். நாங்கள் என்ன செய்தோம்? "அவரால தாங்க முடியல, ஒதுங்கிட்டார்" என்றோம். அவர் வேலையை எஞ்சியிருந்த மூன்று பேருக்குப் பிரித்தோம். அடுத்த வாரம் திட்டமிட்டபடி ஆர்ப்பாட்டம் நடந்தது. அவர் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் அந்த மூவரில் ஒருவரும் வருவதை நிறுத்தினார்.

"மாத்திடலாம்பா" என்றேன்.

ஒயர்களைப் பிரித்துத் தகட்டைத் தனியே எடுத்தான். அம்மாவின் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து நிறுத்திச் சூடாக்கி, தகட்டை அதன்மேல் வைத்தான். அலுமினியம் சூட்டை இழுத்துக்கொள்வதால் சால்டரிங் அயர்னால் மட்டும் எடுப்பது கஷ்டமாம். ஈயம் பளபளத்து இளகியதும் கருகியதைச் சின்ன இடுக்கியால் எடுத்தான். டிரைவர் போய்விட்ட, அதே கம்பெனியின் பழைய பல்பு ஒன்றிலிருந்து நல்லதை எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்து அங்கே வைத்தான்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவன் தகட்டின் அடிப்பக்கத்தைக் காட்டினான். சூட்டை வெளியே கடத்தும் வெள்ளைப் பசை பேருக்கு ஒரு பொட்டு இருந்தது. அதுவும் காய்ந்து பொடியாகியிருந்தது.

"இதைச் சரி பண்ணாம மாத்தினா புதுசும் கருகும்ணா. எல்.இ.டி. மேல தப்பு இல்ல. சூடு போக வழி இல்ல."

பொடியைத் துடைத்து, புதிதாகப் பசை தடவி, மூடியையும் போட்ட பிறகுதான் ஹோல்டரில் மாட்டினான்.

நாம் தவறுவது இந்த இடத்தில்தான். ஒருவர் கருகிப்போனால் அவருக்குள் என்ன குறை என்று தேடுகிறோம். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா இறந்தபோதும் அப்படித்தான் பேசினார்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் நின்றுபோனதையும், அவரும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் விட்டுவிட்டு அவர் மனதை மட்டும் ஆராய்ந்தார்கள். அந்தப் பேச்சை எதிர்த்துத் தெருவில் நின்றவர்கள் நாம். நம் குழுவில் ஒருவர் ஒதுங்கினால் அதே பேச்சை நாமே பேசுகிறோம்.

உண்மை அறியும் குழுவில் வெளியிலிருந்து வரும் நண்பர்கள் அறிக்கை எழுதிவிட்டு வேறொரு ஊருக்குத் திரும்புகிறார்கள். நமக்கு அப்படி இல்லை. எரிந்த குடிசை நம் சித்தப்பா வீடு மாதிரியே இருக்கிறது. பிணவறை வாசலில் அழுகிறவர் நம் அம்மா ஜாடையில் இருக்கிறார். வீடு திரும்பினாலும் அதே சேரி, அதே தெரு. சூடு இறங்க இடமில்லை.

இளைய தோழர்களுக்குச் சொல்கிறேன். ஒரே ஆளை ஒவ்வொரு முறையும் பிணவறைக்கு அனுப்பாதீர்கள். மாற்றி மாற்றிப் போங்கள், இரண்டு பேராகப் போங்கள். திரும்பி வந்தவரிடம் அறிக்கை கேட்பதற்கு முன் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள். பஸ் செலவு யார் பையிலிருந்து போகிறது என்று கணக்குப் பாருங்கள். சட்டம் ஒருவர் தலையில் மட்டும் இருந்தால் அவர் ஓய்வெடுக்கவே முடியாது. எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள். பல்புக்காவது மாற்று எல்.இ.டி. கிடைத்தது. மனிதருக்குக் கிடைக்காது.

அந்த வாரக் கடைசியில் தோழர் வீட்டுக்குப் போனேன். எந்த வழக்கைப் பற்றியும் பேசவில்லை. டீ குடித்தோம். கிளம்பும்போது, "இந்த ரெண்டு வருஷத்துல ஒரு வேலையும் சொல்லாம வந்தது நீதாம்பா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அவர் மறுபடி இயக்கத்துக்கு வருவாரா, தெரியாது. வரச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அடுத்த மாதமும் போவேன்.