பழைய வண்டியைத் தேர்தல்

புதியதொரு பொருளை வாங்குவோன் அதனைச் செய்தோருடைய பெயரை நம்பி வாங்குகின்றான். பழையதொன்றை வாங்குவோனோ அதனை முன் ஆண்டோருடைய பழக்கத்தையும் உடன் வாங்குகின்றான். மாடு பிடிக்கச் சந்தைக்குச் செல்லும் உழவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்கவிட்டும் பார்ப்பான். அவனுடைய பேரன் டீசல் பிக்அப் வண்டி வாங்கச் செல்லுங்கால், பூச்சின் பளபளப்பைக் கண்டும் தரகர் சொல்லைக் கேட்டும் முன்பணம் கொடுத்துவிடுகின்றான். ஆதலின், அத்தகைய வண்டியொன்றை ஆராய்ந்த காலை யாம் கண்டவற்றை நம் கல்லூரி அன்பர்க்குக் கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

எம் தமக்கையாரின் கணவர் குமரி மாவட்டத்தில் ஏத்தன் வாழை பயிரிடுபவர். வடசேரிச் சந்தைக்குக் குலைகளைக் கொண்டுசெல்லும் வாடகையே ஊதியத்திற் பெரும்பகுதியை விழுங்கியமையால், சொந்த வண்டி வாங்கத் துணிந்தார். தமக்கையார் தம் நகைகளை அடகுவைக்க இசைந்தனர். வண்டி பழுதாயின் நகையும் மீளாது. குலையும் தோட்டத்திலேயே பழுத்து வீணாகும்.

ருடால்ப் டீசல் என்னும் பொறிஞர் 1897-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுற இயக்கிக் காட்டிய இவ்வகை எஞ்சினில், பெட்ரோல் எஞ்சினிற் போலத் தீப்பொறி எழுப்பும் பிளக் இல்லை. சிலிண்டரினுள் காற்று மிக இறுக்கப்படுதலால் எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கின்றது. அவ்விறுக்கம் தளருமாயின் எஞ்சினின் உயிர் தளர்ந்ததாம். அதனை அறிதற்கு ஏற்ற வேளை, எஞ்சின் நன்கு ஆறியிருக்கும் விடியற்காலையே.

ஆகவே முதற்கண் பானெட்டின்மேற் கைவைத்துப் பார்த்தல் வேண்டும். சூடாயிருப்பின், விற்போர் முன்னரே இயக்கி வைத்தனரென்று கொண்டு, ஆறுமளவும் காத்திருத்தல் நன்று. பின்னர்ப் புகையை நோக்குக. தொடக்கத்திற் சிறிது வெண்புகை தோன்றி மறைதல் இயல்பு; சூடேறிய பின்னும் அது நில்லாது வருமாயின் ரேடியேட்டர் நீர் உட்புகுகின்றதோவென ஐயுறலாம். நீலப்புகை ஆயில் எரிதலையும், மிகுந்த கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். எஞ்சின் ஓடுங்கால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க, புகை உந்தி எழுமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன எனலாம். ஆயில் கறுத்திருத்தல் மட்டும் குற்றமன்று. டீசல் எஞ்சினிற் புதிய ஆயிலும் விரைவிற் கறுக்கும். இதனையே காட்டி விலையைக் குறைக்க வழக்காடுதல் விற்போர்க்குச் செய்யும் அநீதியாம்.

யாம் கண்ட வண்டியின் எஞ்சின் இவையனைத்திலும் தேறியது. கிளட்ச், கியர், பிரேக் ஆகியனவும் ஓட்டிப் பார்த்ததிற் குறையின்றி இருந்தன. அத்தானின் முகம் மலர்ந்தது, முன்பணத்தையும் கையிலெடுத்தார். "அத்தான், சற்றுப் பொறுங்கள், அடியையும் பார்த்துவிடுவோம்" என்று கூறி, உடன்வந்த மெக்கானிக்குடன் யாமும் வண்டியின் கீழே படுத்து நோக்கினோம். பாரத்தைத் தாங்கும் சேசிஸ் சட்டத்திற் புதிய கரும்பூச்சு மின்னிற்று. மெக்கானிக் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்றிருந்த ஒலி பின்சக்கரத்தருகே மந்தமாயிற்று. பூச்சோடு துருச்செதில்கள் உதிர்ந்தன. உள்ளே தகடு வைத்து வெல்டிங் செய்த தழும்பு வெளிப்பட்டது. ஸ்பிரிங்கிற் கூடுதலாகச் செருகிய பட்டைகள், அவ்வண்டி அளவிறந்த பாரம் சுமந்ததை உணர்த்தின.

வினவியபோது, பல்லாண்டு மீன் சுமந்த வண்டியெனத் தெரிந்தது. பனிக்கட்டி உருகிய உப்புநீர் நாடோறும் வடிந்து இரும்பை அரித்திருந்தது. தேய்ந்த எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடலாம். அரித்த சட்டம் பாரத்தோடு நடுச்சாலையில் முறியுமாயின், ஓட்டுவோரன்றி வழிச்செல்வோரும் மடிவர். உடையவர் சிறிதுநேரம் வாளாவிருந்து, "நானும் அடியைப் பாராமல்தான் வாங்கினேன்" என்றார். அவரும் ஒரு குடும்பத்தினரே. ஆயினும், அவர்க்கிரங்கி எம் அத்தான் அதனை வாங்கியிருப்பின், அவ்விடர் மற்றொரு கைக்கு மாறியிருக்குமேயன்றித் தீர்ந்திராது. முன்பணம் பைக்குள் மீண்டது.

நிற்க. வண்டி நன்றாயினும் ஆவணங்களை நோக்காது பணம் தரலாகாது. சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒத்தல் வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் அதில் இருப்பின், கடன் தீர்ந்தமைக்குரிய சான்றைப் பெற்று அப்பெயரை நீக்குவித்தல் வேண்டும். எப்.சி., இன்சூரன்ஸ், வரி ஆகியவற்றின் நாள்களையும் காண்க. டயரின் பக்கத்திலுள்ள நான்கிலக்க எண்ணும் ஓர் ஆவணமே. 2319 என்றிருப்பின், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்திற் செய்யப்பட்டதாம்.

திருக்குறளில் 51-ஆம் அதிகாரம் தெரிந்துதெளிதல் என்பது. ஆராய்ந்த பின்னரே நம்புக என மாந்தரைக் குறித்து அங்குக் கூறிய நெறி வண்டிக்கும் பொருந்தும். நம் மாணவருட் பலர் உழவர், மீனவர், சிறு வணிகர் இல்லங்களிலிருந்து வந்தோர். தம் ஊரிலொருவர் நகையை அடகுவைத்து வண்டி வாங்கப் புறப்படுங்கால், அவர்கள் ஒரு விடியற்காலை உறக்கத்தை விடுத்து, நல்ல மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு உடன்செல்வாராக.