வெள்ளைச் சேலையும் ஒரு குரலும்

ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் பின்புறத்து அனெக்ஸில் ஒரு குடும்பம் இருக்கிறது. எனது பணியின் நிமித்தம் மாதம் இருமுறை அங்கு போய்வருவேன். இருபத்தொன்பது வயது மருமகள், அவளது இரு பிள்ளைகள், மாமியார். மகன் வீதி விபத்தில் இறந்து ஒன்றரை வருடமாகிறது.

மருமகள் முறையாகச் சங்கீதம் பயின்றவள். அயலில் நாலைந்து பெற்றோர் தம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்படி கேட்டிருந்தார்கள். வீட்டு வாடகைக்கு உதவும். மாமியார்தான் சம்மதிக்கவில்லை.

"இவ சுருதிப் பெட்டியை வைச்சுப் பாடத் தொடங்கினா சனம் என்ன கதைக்கும், பிள்ளை?"

அன்று வெள்ளிக்கிழமை. மேசையிலிருந்த வானொலியில் கே. பி. சுந்தராம்பாள் பாடிக்கொண்டிருந்தார். "இவவின்ர பாட்டுக் கேளாமல் எனக்கு வெள்ளிக்கிழமை விடியாது" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்தார்.

"அவவும் இருபத்தைந்து வயதிலை புருஷனை இழந்தவதானே, அம்மா?" என்று கேட்டேன்.

1908இல் கொடுமுடியில் வறிய குடும்பத்திலே பிறந்தவர் சுந்தராம்பாள். சிறுமியாக இருந்தபோது ரயிலில் பாடிக் காசு பெற்றவர். பின் நாடக மேடை ஏறி, இலங்கைக்கும் வந்து நடித்தார். எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் சோடி சேர்ந்தது 1920களில், எங்கள் கொழும்பிலேதான். இருவரும் மணம் செய்துகொண்டார்கள். 1933இல் கிட்டப்பா இறந்தார். அதன்பின் வெள்ளைச் சேலையே அவரது உடையாயிற்று. ஆண் நடிகர் எவருடனும் இனிச் சோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். ஆனால் தொழிலை விடவில்லை. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்து ஒரு இலட்சம் ரூபா ஊதியம் பெற்றார். அக்காலத்தில் அது எவரும் கேள்விப்படாத தொகை. 1950களில் சென்னை சட்ட மேலவையிலும் அமர்ந்தார்.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது நான் வென்றுவிட்டதாகவே எண்ணினேன். அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: "அவ தவசி மாதிரி இருந்தவ, பிள்ளை. அதாலைதான் சனம் கும்பிட்டது."

பஸ்ஸில் வரும்போது அந்தப் பதில் என்னை விடவில்லை. அவர் சொன்னது உண்மைதான். அந்தக் குரலை எமது சமூகம் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. வண்ணச் சேலையை, மேடைச் சோடியை, மறுவாழ்வை எல்லாம் விலையாகக் கொடுத்த பிறகே கும்பிட்டது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் 'புளூஸ்' பாடல்களைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. பெஸ்ஸி ஸ்மித் என்ற பாடகியும் பெற்றோரை இழந்து தெருவில் பாடிக் காசு சேர்த்த சிறுமிதான். 1923இல் அவரது முதல் இசைத்தட்டு வெளிவந்து பெரும் எண்ணிக்கையில் விற்பனையானது. அவர் துயரத்தைப் பாடினார். அதோடு கோபத்தையும் வறுமையையும் ஆசையையும் பாடினார். முத்துமாலையும் இறகுத் தொப்பியும் அணிந்தே மேடையில் நின்றார். நிறவெறி அவரையும் வாட்டியது. ஆனால் துக்கத்தைப் பாடுவதற்கு அவர் துறவியாக வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை போனபோது நான் சுந்தராம்பாளை உதாரணம் காட்டவில்லை. "அம்மா, அவ கொடுத்த விலையை உங்கட மருமகளும் கொடுக்க வேணுமா? உங்கட பேத்திக்கு இப்படி ஒரு நிலை வந்தால், அவளும் கொடுக்க வேணுமா?" என்று மட்டும் கேட்டேன். அவர் பேசவில்லை. பேத்தியின் தலையைத் தடவியபடி இருந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மாலை போனேன். முன்னறையில் பாய் விரித்து ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். மருமகள் மாம்பழ நிறச் சேலை உடுத்தியிருந்தாள். மாமியார் அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், வகுப்புக்கு இடைஞ்சலாக இருந்த வானொலியை நிறுத்தினார்.

தோழியரே, எங்கள் வீடுகளிலும் பாடாமல் அடங்கிக் கிடக்கும் குரல்கள் எத்தனை? அவற்றைத் திறப்பதற்கு நாங்கள் கேட்கும் விலை என்ன?