சான்றிதழ் கொடுப்பதற்கு முன் ஒரு மணித்தியாலம்

 

கொஞ்சம் நீளமான பதிவு. பதுளையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கும் பெற்றோர், பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினர், இளைஞர் அமைப்புகளை நடத்துபவர்கள் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோஷம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆகக்கூடுதலாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. அந்த நாட்களில் எங்கள் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. சோறு ஆக்கிய இடத்தில் வெங்காயம் உரித்தார்கள். பார்சல் கட்டினார்கள். லொறியில் ஏறித் தோட்டங்களுக்குப் போனார்கள். தெரியாதவர்களின் வீட்டில் சேறு அள்ளினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்தப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்று இப்போது பேசுகிறோம். தாராளமாகக் கொடுப்போம். அதற்கு முன் அவர்களை உட்கார வைத்துப் பேசக் கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

பாடசாலை திறந்த பிறகு என் தரம் 10 வகுப்பில் இரண்டு பாடவேளைகளை இதற்காக எடுத்தேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில், கற்பித்தல் பயிற்சி முடிந்து வந்ததும் ஒவ்வொரு நாளும் குறிப்பேடு எழுத வேண்டும். இன்று நடந்தது என்ன, அதிலிருந்து விளங்கியது என்ன, இனிச் செய்யப் போவது என்ன. டெரி போர்ட்டன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1970இல் எழுதிய புத்தகத்திலிருந்து பரவிய மூன்று கேள்விகள் இவை. நமக்கும் இது புதிதல்ல. செய்த அமலைத் திரும்பிப் பார்த்துத் தன்னையே கணக்குக் கேட்பதை முஹாஸபா என்கிறோம்.

முதல் கேள்விக்குக் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதச் சொன்னேன். ஒரு மகன், "200 பார்சல் கொடுத்தோம் சேர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். "அதில் யாருடைய முகம் ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேனையைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான். ஒரு பாட்டி பார்சலை வாங்கிக்கொண்டு, "இவ்வளவு தூரம் வந்த புள்ளைகளுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்க வழியில்லையே" என்று வருத்தப்பட்டாராம். 200 என்ற எண்ணிக்கைக்குள் இந்தப் பாட்டி ஒளிந்திருந்தார்.

இரண்டாவது கேள்விக்குப் பலர் எழுதியது ஒன்றுதான்: அந்த ஆக்கள் பாவம், அல்லாஹ் எங்களைக் காப்பாற்றினான். நன்றி உணர்வு நல்லதுதான். ஆனால் அந்த "ஆக்கள்" அதே வகுப்பில் இருந்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மகள் முகாமில் இருந்தவள். அவள் எழுதியதை, பெயர் சொல்லாமல் வாசிக்கவும் இங்கே பகிரவும் அனுமதி தந்தாள்.

"சாமான் வாங்க வரிசையில் நிற்கும்போது எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வந்தார்கள். சாமான் எங்களுக்குத் தேவைதான். போட்டோ எடுக்கும்போது அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். முகாமில் சின்னப் பிள்ளைகளுக்கு நான்தான் சோறு பகிர்ந்தேன். ராத்திரி வயதானவர்களை டோய்லட்டுக்குக் கூட்டிப்போனேன். தொண்டு செய்தவர்கள் பெயர் எடுக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை."

வகுப்பு அப்படியே அமைதியாகிவிட்டது. பிறகு ஒருவன் எழும்பி, "சேர், போட்டோ போட்டபடியால்தான் அடுத்த லொறி சாமான் வந்தது, அதையும் சொல்லணும்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அரை மணித்தியாலம் விவாதித்தார்கள். கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: சாமானையும் லொறியையும் படம் எடுக்கலாம், வாங்குபவரின் முகத்தை எடுப்பதில்லை. அன்று பின்னேரம் இரண்டு பேர் பேஸ்புக்கில் போட்டிருந்த படங்களை எடுத்துவிட்டார்கள். நான் சொல்லவில்லை.

அந்த விவாதத்துக்குள்தான் ஒரு பிள்ளை, "ஏன் சேர் ஒவ்வொரு முறையும் லயத்து ஆக்களுக்கே நடக்குது?" என்று கேட்டது. எங்கள் மாவட்டத்தின் கதையையே சொன்னேன். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது இவர்களுக்கு மூன்று நான்கு வயது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தப்பியவர்கள் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் இரண்டு வருடம் காத்திருந்தார்கள். 2016இல்தான் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மறுபடியும் மண்சரிவு. தலைமுறை தலைமுறையாக உழைத்த மண்ணில் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் சொந்தமாக இல்லாத குடும்பம், எச்சரிக்கை வந்தாலும் எங்கே போகும்? பார்சலோடு முடிகிற விஷயம் அல்ல இது என்பது அவர்களுக்கு விளங்கியது.

மூன்றாவது கேள்விக்குப் பதில் அதிலிருந்தே வந்தது. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக வருகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தக் கட்டம். நேரான பிளாஸ்டிக் போத்தலை வெட்டி, அளவுகோல் ஒட்டி, மழைமானி செய்தார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் அதைத் தங்கள் லயங்களில் வைத்துத் தினமும் அளந்து அனுப்புகிறார்கள். டவுன் பிள்ளைகள் வரும் எச்சரிக்கையைத் தமிழில் சுருக்கி வட்ஸ்அப்பில் போடுகிறார்கள். பொறுப்பாளர் யார் தெரியுமா? முகாமில் சோறு பகிர்ந்த அந்த மகள்தான்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். இழப்பை நேரில் கண்ட பிள்ளையைச் "சொல்லு, சொல்லு" என்று நெருக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலும் இதைத்தான் சொல்கிறது: பார்க்க வேண்டும், காது கொடுக்க வேண்டும், உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிட வேண்டும். என் வகுப்பில் இரண்டு பேர் எழுதவில்லை, படம் வரைந்தார்கள். ஒருவர் எதுவுமே செய்யவில்லை, அதையும் ஏற்றுக்கொண்டேன். மழைச் சத்தம் கேட்டாலே தூங்க முடியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல உதவிச் சேவை அது. வெட்கப்பட ஒன்றுமில்லை.

உம்மா வாப்பாமாருக்கு: இதற்கு வகுப்பறை தேவையில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது "எத்தனை பார்சல் கொடுத்தாய்?" என்பதற்குப் பதிலாக "அங்கே யாரோடு பேசினாய், என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே வராது. அவசரப்படுத்தாமல் காத்திருங்கள்.

நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். சான்றிதழ் கொடுக்கும் நாளில் பேச்சாளர்களைக் குறைத்து, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேச ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முகாமில் இருந்துகொண்டே மற்றவர்களுக்கு உதவிய பிள்ளைகளின் பெயர்களையும் பட்டியலில் சேருங்கள். அவர்கள் தாமாக வந்து பெயர் கொடுக்க மாட்டார்கள். நாங்கள்தான் போய்க் கேட்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அல்லாஹ் நலவை நாடட்டும். கருத்துகளைக் கீழே எழுதுங்கள்.