போத்தராஜுவின் சாட்டை

ஆஷாட மாதம் பிறந்து அம்மனுக்குப் போனாலு திருவிழா வந்தால், செகந்திராபாத் பக்கம் போலாரத் தெருக்களில் போத்தராஜு இறங்கிவிடுவார். உடம்பு முழுக்க மஞ்சள், இடுப்பில் வேப்பிலை, காலில் சலங்கை, கையில் சாட்டை. யார் இவர் என்று கேட்டால், ஏழு அக்காமாருக்கு ஒரே தம்பி, அம்மனுக்குக் காவல் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவே இல்லை. செஞ்சிப் பக்கத்திலிருந்து பட்டாளத்தோடு இங்கே வந்த குடும்பம் எங்களுடையது. போனாலு ஊர்வலம் வந்தால் ஆயா என் காதைக் கடிப்பாள்: "அசுரன்டா அவன். கையில தலை இருக்கணும். இவனுங்க வைக்கல."

அசுரன் எப்படித் தம்பியானான்?

தென்னிந்தியக் கிராம தெய்வங்களைப் பற்றி 1916இல் புத்தகம் போட்ட சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட், சில இடங்களில் இவர் அம்மனின் சகோதரன், சில இடங்களில் புருஷன் என்று எழுதிவைத்திருக்கிறார். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பல வருஷம் வேஷம் கட்டிய பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். திண்ணையில் உட்கார்ந்து சாட்டை பின்னிக்கொண்டிருந்தார்.

"தாத்தா, இவர் முன்னாடி ராட்சசனா?"

"தம்முடு." தம்பி, அவ்வளவுதான்.

"மகிஷாசுரன்தான் இவர்னு சிலபேர் சொல்றாங்களே?"

"தம்முடு, பிட்டா."

அடுத்த தடவை போனபோதும் அதே ஒற்றைச் சொல். ஆனால் சாட்டை என்றால் வாய் ஓயாது. பிடியில் பருத்து நுனிக்கு வர வர மெலியவேண்டும், மஞ்சள் தண்ணீரில் ஊறவேண்டும், சத்தம் பெரிதாகவும் அடி சின்னதாகவும் விழவேண்டும். பீடை போகட்டும் என்று கேட்டு அடி வாங்குகிறவனுக்குக் கை முறிந்துவிடக் கூடாதாம்.

அந்தச் சாட்டை எங்கள் ஊர்க் கோயிலை ஞாபகப்படுத்தியது. செஞ்சி வட்டாரத் திரௌபதி கோயில்களில் வீரசாட்டி என்றொரு சாட்டை உண்டு. இதே போத்தராஜுவிடமிருந்து, அங்கே பெயர் போத்துராஜா, வந்தது அது. 'போர்மன்னன் சண்டை' கூத்தில் அவர் சிவானந்தபுரி அரசர். அவரிடம் இருந்த பூசைப் பொருள்கள் பாண்டவருக்கு வேண்டும். கண்ணன் சூழ்ச்சி செய்கிறான். கடைசியில் தருமரின் தங்கை சங்குவதியைக் கட்டிக்கொண்டு திரௌபதிக்குக் காவலாகிறார். அங்கேயும் உறவு வைத்துத்தான் ஆளை வளைத்திருக்கிறார்கள்!

ஆயா சொன்ன தலை விஷயம், செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் கதையில் இருக்கிறது. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளிவந்த நூலில் அதைப் பதிவுசெய்திருக்கிறார். நூறு தலை அசுரன். அவனுடைய கடைசித் தலை மண்ணில் விழக்கூடாது. அதைக் கையில் ஏந்தி நிற்பவர் போத்துராஜா. தலை அசுரனுடையது, பொறுப்பு இவருடையது. ஆயா ரயிலேறும்போது பாதிக் கதையைத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

இங்கே அவர் காவல் நிற்கும் அம்மன் மகாகாளி. அவள் இந்தப் பக்கத்துக்கு வந்ததே கொள்ளைநோயால்தான். பட்டாளத்தோடு 1813இல் உஜ்ஜயினி போயிருந்த சுரிடி அப்பய்யா, ஊரில் காலரா என்று கேள்விப்பட்டு வேண்டிக்கொண்டார். திரும்பிவந்து 1815இல் செகந்திராபாத்தில் அம்மனை வைத்தார் என்பது கோயில் வரலாறு. கொள்ளைநோய் மாதிரி எதிரிக்கு முன்னால் சாதுவையா காவலுக்கு நிறுத்துவார்கள்?

எல்லாவற்றையும் பெரியவரிடம் கொட்டினேன். நூறு தலை, கூத்து, கல்யாணம், எதற்கும் அசையவில்லை. வீரசாட்டி என்றதும் நிமிர்ந்தார்.

"உங்க ஊர்ல எத்தனை புரி போடுவாங்க?"

செஞ்சியில் இருக்கும் மாமாவுக்குப் போன் போட்டிருக்கிறேன்.