யாருடைய பசி

தமிழ்க் கிறிஸ்தவர்கள் பசித்திருப்பதற்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளவில்லை. எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ. வீடுகளில் அது உபவாசம். கத்தோலிக்க வீடுகளில் நோன்பு. மூத்தவர்கள் ஒருசந்தி என்பார்கள். ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு. 18 வயது நிறைந்ததிலிருந்து 59 நிறையும்வரை, சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் அப்படி இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். பீடி சுற்றும் எங்கள் ஊர்ப் பெண்களிடம் இந்த அளவைச் சொன்னால் சிரிப்பார்கள். எல்லாரும் உண்டபின் சட்டியை வழிப்பவளுக்கு ஆண்டு முழுக்க லெந்து நாள்தான்.

லெந்து வெள்ளிகளில் அப்பா உபவாசம் இருப்பார். மாலையில் முடிக்கும்போது சுக்குக்காப்பி வேண்டும். பிறகு கஞ்சி, சிறுபயறு, தேங்காய்த் துவையல். பிள்ளைகளுக்குத் தனிச் சமையல். அவர் பசித்திருந்த நாளில்தான் எங்கள் வீட்டு அடுப்பு அதிக நேரம் எரிந்தது. அம்மாவுக்கும் அன்று உபவாசம். நாக்கில் வைத்து உப்புப் பார்க்க மாட்டாள். கைக்கணக்கில் போடுவாள். கூடிவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு உண்டு.

ஏசாயா 58ஆம் அதிகாரம் லெந்துக் காலப் பிரசங்கங்களில் தவறாமல் வரும். உபவாச நாளில் உங்கள் வேலையாட்களை வருத்துகிறீர்களே என்று தீர்க்கதரிசி அங்கே கடிந்துகொள்கிறார். நுகத்தடியை அவிழ்ப்பதே கடவுள் விரும்பும் உபவாசம் என்கிறார். ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று பிரசங்கம் முடியும். வேலையாள் என்ற சொல் அடுப்படிவரை வந்து நான் கேட்டதில்லை.

நோன்பு என்ற சொல்லும் பெண்ணுக்கு எளியதல்ல. தமிழில் கைம்மை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புறநானூற்றுப் பெருங்கோப்பெண்டு, கைம்பெண்ணின் கீரை உணவை மறுத்துத் தீயைத் தேர்ந்தவள். எங்கள் சபையில் விதவைகளுக்கு உதாரணமாகக் காட்டப்படுபவள் லூக்கா சொல்லும் அன்னாள். முதிய விதவை, ஆலயத்தை விட்டு நீங்காமல் உபவாசித்து ஜெபித்தவள். அவள் தீர்க்கதரிசி என்றும், மீட்புக்குக் காத்திருந்த எல்லாரிடமும் குழந்தை இயேசுவைப் பற்றிப் பேசினாள் என்றும் அதே இடத்தில் இருக்கிறது. என்ன பேசினாள் என்பதை லூக்கா எழுதவில்லை. பக்கத்தில் நின்ற சிமியோனின் வார்த்தைகளை எழுதியிருக்கிறார். மாலை ஆராதனையில் இன்றும் பாடுகிறோம். அன்னாளிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்தது அவள் பசி.

இவ்வளவும் சொன்னாலும், பெண்கள் உபவாசக் கூட்டத்தை என்னால் தள்ளிவிட முடிவதில்லை. மாதத்தில் ஒரு வெள்ளி, காலை பத்து மணிமுதல் மூன்று மணிவரை கோயிலில் பாய் விரித்து உட்காருவார்கள். ஐயரம்மா விண்ணப்பங்களை வாசிப்பார்கள். மகனுக்கு வேலை, மருமகளுக்குக் குழந்தை, கணவனின் குடி. தனக்கென்று எவளும் எழுதிக் கொடுத்ததாக நினைவில்லை. அழுவார்கள். நடுவில் தாழ்ந்த குரலில் ஊர்க்கதையும் நடக்கும், அப்போது சிரிப்பார்கள். “உபவாசம்னு சொன்னா எங்க போறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாவ பிள்ள,” என்றாள் அம்மா. சினிமாவுக்கோ தாய்வீட்டுக்கோ கிடைக்காத ஐந்து மணி நேரம் அது. பசி அதற்கான கட்டணம்.

இப்போது அவளுக்குச் சர்க்கரை. பட்டினி கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அம்மா கூட்டத்தை விடவில்லை. டிபன் டப்பாவில் மூன்று இட்லி கொண்டுபோகிறாள். பன்னிரண்டரைக்குக் கோயில் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாத்திரை போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய்த் தன் பாயில் உட்கார்ந்துகொள்கிறாள்.