பொருத்தம் இருந்தும் பிடிக்காமல் போவது

கல்யாணத்துக்கு வரன் பார்த்துக் கொடுக்கும் எங்கள் தொழிலில் சம்மதம் நேராக வரும். போனை எடுத்ததுமே குரலில் தெரிந்துவிடும். வேண்டாம் என்பதைத்தான் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. "பெரியவங்களைக் கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்பார்கள். "பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமாம்" என்பார்கள். திருச்சியில் உறையூர், தில்லைநகர், ஸ்ரீரங்கம் என்று வீடு வீடாக ஏறி இறங்குகிற எனக்கு, இந்தப் பதில்களை வாங்கி அடுத்த வீட்டில் சேர்ப்பது பாதி வேலை. அந்தப் பதிலுக்குப் பின்னால் உண்மையில் என்ன பிடிக்காமல் போனது என்று தெரிந்துகொள்வது மீதி வேலை.

ஜாதகம் சேரவில்லை என்று சொல்வது எல்லோருக்கும் வசதி. தினம், கணம் தொடங்கி வேதை வரை பத்துப் பொருத்தம் இருக்கின்றன. ரஜ்ஜு தட்டிவிட்டது என்றால் முக்கால்வாசிப் பேர் மேலே கேட்கமாட்டார்கள். ஆனால் இது பெண் பார்ப்பதற்கு முன்னால்தான் செல்லும். பஜ்ஜி, கேசரி சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு ஜாதகத்தைக் காரணம் சொன்னால், "பொருத்தம் பார்த்துட்டுத்தானே வந்தாங்க?" என்று பெண்ணின் அம்மா என்னைத்தான் கேட்பாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது.

பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் குலதெய்வத்தின் முன் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வரவில்லை என்றால் சாமி உத்தரவு கொடுக்கவில்லை. உண்மையாகவே பூப் போட்டுப் பார்க்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. போடாமலே போட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. சாமி சொல்லிவிட்டது என்றால் எந்தப் பெண்ணும் கண்ணாடி முன் போய் நின்று தன்னிடம் என்ன குறை என்று தேடமாட்டாள். ஆனால் சாமியின் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த வரனை எப்படித் தேடுவது? அதனால் நான் உண்மைக் காரணத்தைக் கேட்காமல் விடுவதில்லை. பெண்ணிடமும் பையனிடமும் தனியாகக் கேட்பேன், வீட்டார் பதில் சொல்வதற்கு முன்னால்.

வீட்டார் சொல்லும் குறைகள் எல்லாம் காகிதத்தில் எழுதக்கூடியவை. நிறம், உயரம், வயது வித்தியாசம், சம்பளம், கண்ணாடி போட்டிருக்கிறாள், முன்மண்டை ஏறிவிட்டது, தங்கை ஒருத்தி கல்யாணத்துக்கு நிற்கிறாள். சாதி இவற்றுக்கெல்லாம் முன்னாலேயே வந்து நின்றுவிடுகிறது. அதைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்குள்தான் இந்தப் பேச்சு முழுவதும். சாதி எழுதாத நோட்டு ஒன்றை வைத்து இந்தத் தொழிலைச் செய்ய முடிகிற காலம் வரவேண்டும். என் ஆசை அது. இன்றைக்கு முடியவில்லை.

நிறத்துக்கு வருகிறேன். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்தது. அதே ஆண்டு ஷாதி டாட் காம் தன் தளத்தில் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. நானும் என் படிவத்தில் நிறம் எழுதும் இடத்தை அடித்துவிட்டேன். அதனால் கேட்பது நின்றுவிடவில்லை. "பொண்ணு நம்ம கலர்தானே?" என்று போனில் கேட்பார்கள். நேரில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். மாநிறம் என்ற சொல்லைக்கூட நான் வாயில் எடுப்பதில்லை.

பார்க்கப் போகிற பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டால் நிறத்தைக் காரணம் சொல்கிறவர்கள் குறைவு. சொல்பவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று பூசி மெழுக மாட்டேன். அதைவிட அதிகமாக நான் கேட்டது, "போட்டோல இருந்த மாதிரி இல்லையே" என்பது. ஸ்டுடியோவில் வெளுப்பாக்கிய படம், பத்து வருஷத்துக்கு முந்தைய படம், பக்கத்தில் நின்றவரை வெட்டிவிட்டு உயரம் தெரியாமல் செய்த படம். ஒரு பையன் சொன்னான்: "கறுப்புன்னு தெரிஞ்சிருந்தாலும் வந்திருப்பேன் ஆன்ட்டி. உள்ள நுழையறப்பவே ஏமாத்தின மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அவங்க என்ன பேசினாலும் இது நிஜமான்னுதான் தோணுச்சு." சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் இதே கதைதான். வற்புறுத்தியோ மோசடி செய்தோ வாங்கிய சம்மதத்தில் நடந்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குப் போக 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் இடம் கொடுக்கிறது. அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பொய் தெரிந்த அன்றைக்கே மனசு விலகிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஆணோ பெண்ணோ, தன் மனசிலிருந்து ஒருவரை வேண்டாம் என்று சொல்லும்போது, அந்த ஆள் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதைவிட, அந்த அறையில் இருந்த மூன்றாவது ஆளிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பார்க்க வந்தவரிடம் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். அதற்கென்றே தயாராகி வந்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவரிடம் பேசும்போது அந்தத் தயாரிப்பு இருக்காது.

உறையூர்ப் பக்கம் ஒரு வீடு. ஆள் அடையாளம் தெரியாதபடி சொல்கிறேன். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் படித்து வேலை பார்க்கிறாள். பையனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த பிளாட், குடி சிகரெட் கிடையாது, பார்க்கவும் லட்சணம். எட்டுப் பொருத்தம். அப்பா ஆசையாக ஆரம்பித்தார்: "தம்பிக்கு ஒயிட்பீல்டுலயா வீடு?" பையன் சிரித்துக்கொண்டே, "வைட்ஃபீல்ட், அங்கிள்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவர், "ஒயிட்பீல்டுல தண்ணிக் கஷ்டம்னு பேப்பர்ல..." என்று தொடங்க, பேச்சை முடிக்க விடாமல் மறுபடியும் திருத்தினான். அவனுடைய அம்மா அப்பாவும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த மனுஷர் ஊர்ப் பெயரையே எடுக்கவில்லை. "அந்தப் பக்கம்", "நீங்க இருக்கற ஏரியா" என்றே பேசினார்.

மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. காக்காய் வராமல் பார்த்துக்கொள்ளும் சாக்கில் இரண்டு பேரும் மேலே உட்கார்ந்தோம். "பையன் எப்படி?" என்றேன். "எங்கப்பா அதுக்கப்புறம் அந்த ஊர்ப் பேரையே சொல்லல, கவனிச்சீங்களாக்கா?" என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கும் வேறு கேட்க வேண்டியிருக்கவில்லை.

கீழே வந்தால் அவள் அப்பாதான் முதலில் கோபப்பட்டார். "இதெல்லாம் ஒரு காரணமாம்மா? படிச்ச புள்ள, சரியாச் சொல்லிக்குடுத்தான். இதுல என்ன தப்பு?" காரணம்தான் என்று சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். பெரியவர் ஒருவர் தன் வீட்டில், தன் மகளுக்காகப் பேச முயலும்போது, அவருடைய உச்சரிப்புதான் ஒருவனுக்குக் கண்ணில் பட்டது என்றால், அவன் வீட்டுக்குப் போகிறவளின் சமையல், உடுப்பு, இங்கிலீஷ், சொந்தக்காரர்கள் எல்லாமே ஒருநாள் அவன் கண்ணில் படும். அவள் அதைச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தாள்.

இதே வகையில் இன்னொன்று, வாயைத் திறக்காமல் இருப்பது. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அதனால் இப்போது யாரும் நேராகக் கேட்பதில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று ஆரம்பித்து, மூத்த மருமகள் எத்தனை பவுன் போட்டுக்கொண்டு வந்தாள் என்பதில் முடிப்பார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போது பெண்ணைப் பாருங்கள். அவள் மாமியாராக வரப்போகிறவரைப் பார்க்கமாட்டாள், பையனைத்தான் பார்ப்பாள். அவன் போனைத் தடவிக்கொண்டோ சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துக்கொண்டோ இருந்தால் அங்கேயே முடிந்தது. "அவங்கம்மா கேட்டதுகூடப் பெரிசாத் தோணலக்கா. இவரு ஒரு வார்த்தை, 'விடும்மா'ன்னு சொல்லல" என்று ஒருத்தி சொன்னாள். பையனின் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. தன் பிள்ளை அமைதியானவன், அதைப் போய் யாராவது குறையாகச் சொல்வார்களா என்று கேட்டார்.

பையன்கள் மனசு திறக்க நேரமாகும். முதலில் "பிடிக்கல ஆன்ட்டி, அவ்வளவுதான்" என்பார்கள். விட்டுப் பிடித்தால் வரும். வயலூர் முருகன் கோவிலில் பார்த்துவிட்டு வந்த ஒரு பையன், பெண் அழகாக இருக்கிறாள், நன்றாகப் பேசுகிறாள் என்றான். கூட வந்த தங்கை ஏதோ சொன்னதற்கு, "இவ எப்பவுமே இப்படித்தான், மக்கு" என்று எல்லோர் முன்னாலும் அவள் சொன்னதும், தங்கை முகம் செத்துப்போனதும்தான் அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது. இன்னொருவனுக்குப் பெண் பேசவே இல்லை என்பது குறை. எல்லாக் கேள்விக்கும் அண்ணன்காரன் பதில் சொன்னான். அவளுக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பமே இல்லையோ என்று அவன் பயந்தான். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அப்படிப் பயப்படுகிற பையன்கள் கூடிக்கொண்டு வருவது நல்ல மாற்றம்.

சுத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். கூச்சப்பட்டு யாரும் சொல்லமாட்டார்கள், ஆனால் வாய் நாற்றம், வியர்வை நாற்றம், நகத்தில் அழுக்கு, புகையிலைக் கறை படிந்த பல் இவற்றால் நின்றுபோன வரன்கள் உண்டு. மனநூல் படிக்கிற என் மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். பீட்டர் ஜோனசன் என்பவரும் கூட இருந்தவர்களும் 2015இல் வெளியிட்டது. துணையாக வருகிறவரிடம் எதெல்லாம் இருந்தால் வேண்டாம் என்பீர்கள் என்று அமெரிக்காவில் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழுக்காக, ஒழுங்கில்லாமல் இருப்பதும் சோம்பேறித்தனமும் அங்கேயும் முன்னணியில் நிற்கின்றன. நல்ல குணங்கள் ஈர்க்கிற வேகத்தைவிட, பிடிக்காத ஒன்று விலக்குகிற வேகம் அதிகம் என்பதும் அதில் உண்டாம். எனக்கு அது புதுச் செய்தி இல்லை. பத்து நல்லதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றால் எழுந்து போகிறவர்களைத்தானே தினமும் பார்க்கிறேன்.

நாற்றம், அழுக்கு என்றால் மட்டும் காரணத்தை உரியவரிடமே சொல்லிவிடுவேன். பையனைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பல் டாக்டர்ட்ட ஒருதரம் காட்டிட்டு வாங்க, அடுத்த வரன் அப்புறம் பாக்கலாம்" என்பேன். மாற்றிக்கொள்ளக் கூடியதை மறைப்பது அவனுக்குச் செய்கிற துரோகம்.

இப்போது பெண் பார்ப்பதற்கும் நிச்சயத்துக்கும் நடுவில் போன் வந்துவிட்டது. பிள்ளைகள் நம்பர் வாங்கிக்கொண்டு பேசுகிறார்கள். நல்லதுதான், அரை மணி நேரத்தில் மறைக்க முடிந்ததை மூன்று வாரத்துக்கு மறைக்க முடியாது. "எங்க இருக்க, யார்கூட இருக்க, ஏன் ரிப்ளை பண்ணல?" என்று மணிக்கொருதரம் கேட்கிறவன், "உன் டிபியை மாத்து" என்கிறவன், இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு கேட்கிறவன். பெண் என்னிடம் சொன்னதும் அவள் வீட்டுக்கு நானே போவேன். "அக்கறையில கேக்கறான், இதைப் போய்..." என்று பெரியவர்கள் இழுப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் தரகைப் பார்ப்பதில்லை. தாலி ஏறுவதற்கு முன்னாலேயே ஒருத்திக்கு மூச்சு முட்டுகிறது என்றால், தட்டு மாற்றியிருந்தாலும் நிறுத்துங்கள் என்பேன். மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனால் போகட்டும்.

பெண் சொன்ன காரணத்தை அப்படியே பையன் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள். கூடாது. அவள் என்னை நம்பிச் சொன்னது அது. கொண்டுபோனால் சண்டையாகும், அவள் பெயர் ஊரில் அடிபடும். பையன் வீட்டில், "அவங்களுக்கு மனசுக்கு ஒத்துவரல, உங்க பிள்ளைக்கு நல்ல இடமா நான் பார்க்கறேன்" என்பதோடு சரி. அந்தப் பதிலையும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். நல்ல நாள் பார்த்துச் சொல்லலாம் என்று இழுத்து, ஒரு வீட்டை ஆவணியிலிருந்து ஐப்பசி வரை காத்திருக்க வைக்கிறார்களே, அதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரிந்து கிடையாது. காரணத்தை என் நோட்டில் எழுதிக்கொள்வேன், பெயரில்லாமல், எனக்கு மட்டும் புரியும்படி. உறையூர்ப் பெண்ணின் பக்கத்தில் சம்பளம், உயரத்துக்குக் கீழே 'அப்பாவிடம் பேசத் தெரிந்தவன்' என்று எழுதியிருக்கிறேன். அதனால் அவளுக்கு ஒரு வரன் வந்தால் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு உடனே திரும்புவதில்லை. பையன் வீட்டில் அரை மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்து, அவன் தன் அப்பாவிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.